கண் கொடுத்தார்கள், கை கொடுக்கவில்லை: சிறை ஆய்வாளர்களின் வரலாறும் சாதியும்

சென்ற ஆண்டு ஒரு மத்திய சிறையின் வாசலில், மனு பார்த்துவிட்டு வெளியே வந்த ஓர் அம்மாவோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிறையில் இருப்பவரைக் குடும்பத்தார் சந்திப்பதை நம் பக்கத்தில் ‘மனு பார்ப்பது’ என்றுதான் சொல்வோம். அவருடைய மகன் விசாரணைக் கைதி. குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

“கக்கூஸ் கழுவுற வேலையில போட்டிருக்காங்களாம் தம்பி. என் மாமனாரு ஊருக்குச் செஞ்ச வேலை அது. எம் புள்ளைக்கு வேணாம்னுதான் ஐடிஐ வரைக்கும் படிக்க வெச்சேன். உள்ள போனதும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாங்களாம். அவ்வளவுதான்.”

பெரிய அதிகாரிகள் யாரும் வந்து பார்ப்பதில்லையா அம்மா என்று கேட்டேன்.

“போன வாரம்கூட வந்தாங்களாம். வரிசையா உக்கார வெச்சி, குறை ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்களாம். பக்கத்துலயே ஜெயிலரு நிக்கிறாரு. யாரு தம்பி வாயத் தொறப்பா?”

விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கச் சட்டத்தில் இடமே இல்லை. மலக்கழிவு அகற்றும் வேலையில் ஒரு பட்டியல் சாதிக்காரரை ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்த இரண்டும் அன்று ஆய்வுக்கு வந்தவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. வந்தார்கள், கேட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் மறுநாள் காலையிலும் வாளியைத் தூக்கினான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சிறையை ஆய்வு செய்பவருக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது? அதை யார், எதற்காக, எந்த அளவுக்குக் கொடுத்தார்கள்? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறேன் தோழர்களே. கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

ஆய்வாளர் பிறந்த கதை

1773இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துக்கு ஜான் ஹோவர்ட் என்பவர் ஷெரீஃப் ஆனார். மாவட்டச் சிறையைப் பார்ப்பது அந்தப் பதவியின் கடமைகளில் ஒன்று. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெயருக்குச் செய்ததை அவர் நிஜமாகச் செய்தார். நீதிமன்றம் விடுதலை செய்த ஆட்கள்கூட உள்ளேயே கிடந்தார்கள். காரணம், ஜெயிலருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் அவர்களிடம் இல்லை. அன்று ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது, கைதிகளிடம் வசூலித்துத்தான் அவர் பிழைப்பு நடந்தது. ஜெயிலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்ட் கேட்டபோது, வேறு எந்த மாவட்டத்தில் அப்படிக் கொடுக்கிறார்கள், முன்னுதாரணம் காட்டு என்றார்கள். முன்னுதாரணம் தேடி அவர் ஊர் ஊராகச் சிறைகளுக்குப் போனார். எல்லா இடத்திலும் இதே கதைதான். 1777இல் அவர் வெளியிட்ட ‘சிறைகளின் நிலை’ என்ற நூல் இந்தப் பயணங்களில் பிறந்தது.

ஹோவர்டிடம் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்றைச் செய்தார். பார்த்ததை எண்ணி, அளந்து, ஊர்ப்பெயரோடு அச்சிட்டு ஊரறியச் செய்தார்.

1835இல் பிரிட்டன் சட்டம் போட்டு ஐந்து சிறை ஆய்வாளர்களை நியமித்தது. எந்தச் சிறைக்குள்ளும் போகலாம், யாரையும் விசாரிக்கலாம், எந்தப் பதிவேட்டையும் கேட்கலாம். அறிக்கை உள்துறை அமைச்சருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகும். ஆனால் சிறைக்கு உத்தரவு போடும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. அன்றைக்கே கண் கொடுத்தார்கள், கை கொடுக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்தபோது

அதே காலத்தில்தான் இங்கேயும் பேச்சு தொடங்கியது. மெக்காலேவின் முயற்சியால் சிறை ஒழுங்குக் குழு அமைக்கப்பட்டு 1838இல் அறிக்கை தந்தது. சிறைகளை மேற்பார்வையிட ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தலைமை ஆய்வாளர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1844இல் வடமேற்கு மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில், முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவிக்கு வந்தார். பிற மாகாணங்கள் பின்தொடர்ந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதவியின் பெயரிலேயே ‘இன்ஸ்பெக்டர்’ இருக்கிறது. ஆனால் 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் வந்தபோது அவர் சிறைத்துறையின் தலைவராகவே ஆகிவிட்டார். ஆய்வு செய்பவரும் நிர்வாகம் செய்பவரும் ஒருவரே. தன் துறையைப் பற்றித் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் பார்வையாளர்களுக்கு அந்தச் சட்டம் தனி அத்தியாயம்கூட ஒதுக்கவில்லை. பார்வையாளர்களை நியமிக்கவும் வழிநடத்தவும் அரசு விதிகள் செய்துகொள்ளலாம் என்று 59ஆம் பிரிவில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த விதிகளின்படி மாவட்ட நீதிபதியும் ஆட்சியரும் பதவி வழியாகப் பார்வையாளர்கள் ஆனார்கள். அரசு தேர்ந்தெடுத்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அலுவல்சாரா பார்வையாளர்கள். இவர்கள் வந்து பார்த்து, பார்வையாளர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்புக்குக் கண்காணிப்பாளர் தன் விளக்கத்தைச் சேர்த்து மேலே அனுப்புவார். குறை சொல்லப்பட்டவரின் கை வழியாகத்தான் குறை மேலே போக வேண்டும்.

யாருக்காகப் பயந்தார்கள்?

இந்தக் கட்டமைப்புக்குள் சாதி எப்படி வந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

ஆரம்ப காலத்தில் வட இந்தியச் சிறைகளில் கைதிகள் ஆளுக்கு ஆள், சாதிக்குச் சாதி தனியாகச் சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். 1840களில் அரசு பொதுச் சமையலைக் கொண்டுவந்தபோது பல சிறைகளில் கலகம் வெடித்தது. 1855இல் பீகாரின் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளைச் சொம்புகளைப் பிடுங்கி மண்பாத்திரம் கொடுத்தார்கள். சொம்பு ஆயுதமாகிவிடும் என்பது அதிகாரிகளின் பயம், மண்பாத்திரம் தீட்டு என்பது கைதிகளின் கோபம். முசாபர்பூரில் சிறைக்கு வெளியே இருந்த நகரத்து மக்களும் சுற்றுவட்டார விவசாயிகளும்கூடத் திரண்டுவிட்டார்கள். அரசு இறங்கிவந்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தது.

வரலாற்று நூல்கள் இதை ஆங்கில ஆட்சிக்கு எதிரான எதிர்ப்பின் ஒரு பக்கமாகச் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. அன்னிய அரசு உன் சோற்றிலும் தண்ணீரிலும் கைவைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கலகங்களில் முஸ்லிம் கைதிகளும் இருந்தார்கள். ஆனால் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். சொம்பு திரும்பக் கிடைத்த மறுநாள் காலை அந்தச் சிறைகளின் கக்கூஸைக் கழுவியது யார்? அதற்காக எந்த ஊரும் திரளவில்லை.

1838ஆம் ஆண்டுக் குழுவின் அறிக்கையிலேயே இதற்கான விதை இருக்கிறது. மேல்சாதி ஆளை ஒரு தொழிலில் கட்டாயமாகத் தள்ளினால் அவர் வாழ்நாள் முழுக்க அவமானப்பட்டுப்போவார், மக்கள் அதைக் காட்டுமிராண்டித்தனமாகப் பார்ப்பார்கள் என்ற கருத்தை அது பதிவு செய்தது. அந்த அக்கறை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். அருவருப்பான வேலைக்கு வழிவழியாகத் தள்ளப்பட்டவர்கள் சிறைக்குள் வந்தால் அவர்களுக்கு அவமானம் என்ற ஒன்று இருக்கும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

கலகத்தைக் கண்டு பயந்த அரசு, சாதியைச் சிறை விதியாகவே எழுதிவைத்தது. வங்காளச் சிறை விதித்தொகுப்பு, துப்புரவாளர்களை மேத்தர், ஹரி சாதிகளிலிருந்தும், அந்த வட்டாரத்தில் அதே வேலை செய்யும் சண்டாளர் போன்ற சாதிகளிலிருந்தும் எடுக்கச் சொன்னது. சமையலுக்குத் ‘தகுந்த சாதி’ கைதிகள் வேண்டும் என்றது. ராஜஸ்தான் விதிகள் சமையலைப் பிராமணருக்கோ அதற்கு இணையான மேல்சாதி இந்துவுக்கோ கொடுத்தன. உத்தரப் பிரதேச விதி இன்னும் நுணுக்கமானது. வெறுங்காவல் தண்டனைக் கைதியை இழிவான வேலைக்கு விடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அத்தகைய வேலைக்குப் பழக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் விடலாம் என்று ஒரு விலக்கு வைத்தது. ஆங்கிலேயர் போன பிறகு பல மாநிலங்கள் இந்த விதிகளைத் திருத்திப் புதுப்பித்தன. உத்தரப் பிரதேசம் 2022இல் கூடப் புதுப்பித்தது. இந்த விலக்கு மட்டும் அழியவில்லை.

இப்போது ஆய்வாளரின் வேலையை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் விதிப்புத்தகம் இருக்கிறது. விதிப்படி நடக்கிறதா என்று சரிபார்க்க வந்திருக்கிறார். துப்புரவில் மேத்தர் இருக்கிறார், சமையலில் பிராமணர் இருக்கிறார். எல்லாம் விதிப்படி சரி. ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவர் நேர்மையானவராக இருந்தாலும் அதைத்தான் எழுதுவார். கெட்ட அதிகாரிகளால் மட்டும் நடந்ததல்ல இது. எதைக் குறை என்று சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்த விதியே சாதியாக இருந்தது.

ஒரு கடிதம் செய்த வேலை

சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்த ஏற்பாடு அப்படியே ஓடியது. அதில் முதல் பெரிய உடைப்பு உள்ளிருந்துதான் வந்தது.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் சக கைதியைக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, மனு இல்லை, வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் தீர்ப்பை எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர், 1948இல் தானே சிறையில் இருந்தவர். பிறகு 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். உள்ளே இருந்தும் பார்த்தவர், மேலே இருந்தும் பார்த்தவர்.

சிறைகளில் குறைகேட்புப் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட நடுவர், அமர்வு நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர்கள் சிறைகளுக்குப் போய்க் கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும் என்ற திசையில் அந்தத் தீர்ப்பு போனது. பெட்டி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். பெட்டியின் சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தால் அது குறைகேட்புப் பெட்டி ஆகாது.

1993இல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் எந்தச் சிறையையும் பார்வையிடலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: மாநில அரசுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாமியார் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது போல முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் என்ன பார்க்க முடியும்? சுண்ணாம்பு வாசனைதான் பார்க்க முடியும். 2006இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஆனால் பார்வையிட்ட பிறகு ஆணையம் செய்யக்கூடியது இன்றும் பரிந்துரை மட்டும்தான். அரசு ஏற்கலாம், ஏற்காமல் காரணம் சொல்லலாம்.

பாளையங்கோட்டை

நம் ஊருக்கு வருவோம். பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் ஆட்களை அடைப்பது நெடுங்கால வழக்கம். இதை எதிர்த்து ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். சாதி மோதலைத் தடுக்கவே பிரித்து வைக்கிறோம் என்று அரசு சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பாதுகாப்புக்காகத்தானே என்று நம்மில் சிலரே சொல்வார்கள். தென்மாவட்டங்களில் 1990களின் கலவரங்களைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. ஆனால் 2021 ஏப்ரலில் இதே சிறையின் உள்ளே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் சக சிறைவாசிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சிறை அலுவலர்கள் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நீதி கேட்டு அந்தக் குடும்பமும் ஊரும் உடலை வாங்க மறுத்து நீண்ட நாட்கள் போராடின. சாதிவாரித் தொகுதி அவரைக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சாதியின் கோட்டையாக மாற்றிவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

இத்தனை ஆண்டுகளில் அந்தச் சிறைக்கு எத்தனை நீதிபதிகள், ஆட்சியர்கள், பார்வையாளர்கள் போய் வந்திருப்பார்கள்! தொகுதிகளை எல்லோரும்தான் கண்ணால் பார்த்தார்கள்.

2024 தீர்ப்பு: ஆய்வுக்கு ஒரு புதிய கேள்வி

2020 டிசம்பரில் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா, இந்தியச் சிறைகளில் சாதி எப்படி விதியாகவே இருக்கிறது என்பதை விரிவாக எழுதினார். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுரையைப் பார்த்துத் தானாக வழக்கை எடுத்தது, அந்த மாநிலம் 2021இல் விதியைத் திருத்தியது. பிற மாநிலங்கள் அசையாததால் அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சாதிப்படி வேலை பிரிப்பது, சாதிப்படி தங்கவைப்பது, சீர்மரபினரைப் ‘பழக்கப்பட்ட குற்றவாளிகள்’ என்று முத்திரை குத்துவது ஆகியவற்றுக்கு இடம் தரும் விதிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்றது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் சிறை மதிலோடு நின்றுவிடுவதில்லை என்பதே அதன் சாரம். பாளையங்கோட்டை விஷயத்தில் உயர் நீதிமன்றம் எடுத்த நிலையையும் ஏற்க மறுத்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதியாகப் பிரிப்பது வழியல்ல என்றது. மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலத்தை நீக்கவும் சொன்னது. ‘ஜெய்பீம்’ படத்தின் முதல் காட்சி நினைவிருக்கும்: சிறை வாசலில் சாதியைக் கேட்டுக் கேட்டு ஆட்களைப் பிரிப்பார்கள். அந்தக் கலம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் கலத்தை எடுத்துவிட்டால் நம் கையில் இருக்கும் ஆதாரமும் போய்விடுமே என்ற கவலை எழுந்தது. 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறைகளிலோ ஐந்தில் ஒருவர் நம் ஆள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்தத் தரவைத் திரட்டுவதற்குத் தீர்ப்பு தடையில்லை என்று நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்தியது.

நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள உத்தரவு ஒன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதிகம் பேசப்படாததும் அதுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் கூட்டாக, தொடர்ந்து சிறைகளை ஆய்வு செய்து, சாதிப் பாகுபாடு இன்னும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டறிக்கை மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும், அங்கிருந்து தேசிய ஆணைக்குழுவுக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டும்.

சாதி இருக்கிறதா என்று பார்ப்பதே உன் வேலை என்று ஆய்வாளரிடம் இதற்கு முன் எந்த விதியும் சொன்னதில்லை. அறிக்கை போகும் பாதையும் மாறியிருக்கிறது, குறை சொல்லப்பட்டவரின் கையைச் சுற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறது.

அதிகாரம் என்றால் என்ன?

இந்த இருநூற்றைம்பது ஆண்டுக் கதையில் எனக்குப் புரிந்தது இது. ஆய்வாளர் உள்ளே போவதால் மட்டும் யாரும் பாதுகாப்பாக இருப்பதில்லை. அதற்கு நான்கு சங்கதிகள் வேண்டும். சொல்லாமல் போக வேண்டும். சிறை ஊழியர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். பார்த்ததை வெளியே அச்சிட வேண்டும். பதில் சொல்ல அரசுக்குக் கெடு வேண்டும்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை 2002இல் முதல் மூன்றுக்கும் சர்வதேசச் சட்ட வடிவம் கொடுத்தது. பேசிய கைதியைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. இலங்கை 2017இல் அதில் இணைந்தது. இந்தியா அதில் சேரவில்லை. மூல உடன்படிக்கையிலேயே 1997இல் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றுவரை ஏற்புறுதி செய்யாமல் இருக்கிறது. நான்காவதற்குப் பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே தலைமைச் சிறை ஆய்வாளர் இன்றும் உத்தரவு போட முடியாது. ஆனால் 2017 முதல் ஒரு சிறை மிக மோசம் என்று அவர் ‘அவசர அறிவிப்பு’ கொடுத்தால், அமைச்சர் 28 நாளுக்குள் எல்லோரும் பார்க்கப் பதில் எழுத வேண்டும். 2018 ஜனவரியில் நாட்டிங்ஹாம் சிறைக்கு முதல் அறிவிப்பு போனது. அதனால் அங்கே சொர்க்கம் வந்துவிடவில்லை. ஆனால் அறிக்கை அலமாரிக்குள் தூங்கும் வழி அடைபட்டது.

உத்தரவு போடும் கை உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இங்கேயே இருக்கிறது. 2024இல் வேலூர் மத்திய சிறையில் இருந்த ஆயுள் தண்டனைச் சிறைவாசி ஒருவரைச் சிறைத்துறை உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருட்டுப் பழி சொல்லித் தாக்கி, தனியறையில் அடைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். நீதிமன்றம் வேலூர் தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரை நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அவருடைய அறிக்கைக்குப் பிறகு சிபிசிஐடி வழக்கு பதிவாகி, அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது. சிறை அதே சிறைதான், மதிலும் அதே மதில்தான். போனவருக்குப் பின்னால் நீதிமன்றம் நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். அதையும் நகர்த்தியது ஒரு தாய்.

நாம் செய்யக்கூடியது

சிறையே வேண்டாம் என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். ஆய்வு என்பது சிறைக்கு வெள்ளையடிக்கும் வேலை என்பார்கள். அந்த விவாதத்தை மதிக்கிறேன். ஆனால் இன்று ராத்திரி உள்ளே படுத்திருப்பவர் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே சில வேலைகள்.

முதல் ஆய்வு சிறை வாசலில் நடக்கிறது. உள்ளே எடுக்கும்போது மருத்துவர் உடலைப் பார்த்துக் காயங்களை எழுத வேண்டும். அதற்கும் முன்னால் ரிமாண்ட் செய்யும் நடுவர் ஆளை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தின் தந்தையும் மகனும் காயங்களோடுதான் கோவில்பட்டி கிளைச்சிறைக்குள் போனார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்து எழுதியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். கைது என்று தகவல் வந்த உடனே ரிமாண்டுக்கு ஒரு வக்கீலோடு போய் நில்லுங்கள். காயம் இருந்தால் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் மாவட்டத்தில் 2024 தீர்ப்புக்குப் பிறகு கூட்டாய்வு எத்தனை முறை, எந்தத் தேதிகளில் நடந்தது, கூட்டறிக்கையின் நகல் என்ன, பார்வையாளர் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் சிறைத்துறையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அந்தக் குழுக்களுக்குள் நம் ஆட்கள் போக வேண்டும். மாதிரிச் சிறைக் கையேட்டின்படி அதில் சமூகப் பணியாளர்களுக்கு இடம் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். சட்டம், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இதை யோசியுங்கள். ‘எந்தத் தெரு’ என்ற கேள்வியின் பொருள் தெரிந்த ஒருவர் ஆய்வுக்குப் போவதற்கும், தெரியாத ஒருவர் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நான்காவது, மனு பார்க்கப் போகும் குடும்பங்களோடு பேசுங்கள். என்ன வேலை கொடுக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், எந்தத் தொகுதியில் யாரோடு இருக்கிறார்கள் என்ற நான்கு கேள்விக்கான பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள். பெயரை வெளியே விடாதீர்கள். உள்ளே இருப்பவர்தான் அடி வாங்குவார்.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு, மகனின் பெயரைச் சொல்லாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுத்தோம். துப்புரவு வேலைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆய்வு செய்யக் கேட்டோம். சில வாரம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன். மகனுக்கு வேலை மாறிவிட்டது என்றார். அவன் இடத்தில் இப்போது யார் கழுவுகிறார்கள் என்று கேட்டேன்.

“அதே தெரு மாதிரி இன்னொரு தெருப் பையன் தம்பி” என்றார்.

இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கூட்டறிக்கையின் நகலையும் சேர்த்துக் கேட்கிறோம். உங்கள் மாவட்டத்திலும் கேளுங்கள்.

ஜெய்பீம்.